7. பெயர் ஒன்று, வண்டி வேறு

என் சித்தி மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அவன் அங்கே புதுக் கார் எடுத்த அதே மாதத்தில், தாம்பரத்தில் என் மைத்துனரும் எடுத்தார். ஒரே கம்பெனி, ஒரே மாடல், நிறம்கூட ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் இருவரும் வண்டியைச் சுற்றிவந்து காட்டிக்கொண்டார்கள். "அண்ணே, முன்னால போற வண்டி சட்டுன்னு நின்னா இது தானாவே பிரேக் அடிச்சிடுது, பார்த்தீங்களா?" என்று அவன் கேட்டதும் மைத்துனரின் முகம் மாறிவிட்டது. டேஷ்போர்டு பெட்டியிலிருந்து கையேட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அந்த வசதி அதில் இல்லை. இந்தியாவில் விற்கும் எந்த வேரியன்டிலும் இல்லை.

யாரும் அவரை ஏமாற்றவில்லை. வாங்கும் முன் அவர் இரண்டு மாதம் பார்த்த வீடியோக்களில் பாதி, ஐரோப்பாவில் ஓட்டிப் பார்த்தவர்கள் போட்டவை. பெயர் ஒன்றாக இருந்ததால் வண்டியும் ஒன்று என்று நம்பிவிட்டார். கார் வாங்குகிறவர்களில் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். அதனால்தான் இதற்கென்று ஓர் அத்தியாயம்.

மாடலின் பெயர் கம்பெனிக்குச் சொந்தம். அந்தப் பெயருக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது, வண்டி விற்கும் நாட்டின் சட்டம், வரி, பெட்ரோல், வெயில், ரோடு, வாங்குகிறவர் பர்ஸ் இவையெல்லாம் சேர்ந்து. இதை ஒரே ஒரு வண்டியை வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஒரு ஸ்விஃப்ட், மூன்று நாடு

2024 மே மாதம் இந்தியாவுக்கு வந்த சுசூகி ஸ்விஃப்டை எடுத்துக்கொள்வோம். ஜப்பான், ஐரோப்பா, இந்தியா மூன்றிலும் இன்ஜின் ஒன்றுதான்: 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர், சுமார் 82 குதிரைத்திறன். நீளமும் ஒன்றுதான், 3860 மி.மீ. இதற்கு மேல் பாதை பிரிகிறது.

முதலில் அகலம். இந்திய வண்டி 1735 மி.மீ., ஜப்பான் வண்டி 1695 மி.மீ. இந்த 40 மி.மீ. எங்கே போயிற்று? ஜப்பானில் சிறிய கார் என்ற வகையில் பதிவாக வேண்டுமானால் அகலம் 1.7 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. நீளத்துக்கு 4.7 மீட்டர், பெட்ரோல் இன்ஜினுக்கு 2000 சி.சி. என்றும் வரம்பு உண்டு. ஜப்பானில் ஓடும் பல கார்களின் விவரப் பட்டியலில் 1695 என்ற எண் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். டொயோட்டா கொரோலா ஆக்ஸியோவும் அப்படித்தான். அதே காலத்தில் மற்ற நாடுகளில் விற்ற கொரோலா அதைவிட ஏறத்தாழ 8 செ.மீ. அகலம்.

அடுத்து கியர். ஜப்பானில் ஆட்டோமேட்டிக் கேட்டால் சிவிடி, அதாவது கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக், கிடைக்கும். இந்தியாவில் ஏஎம்டி, அதாவது மேனுவல் கியர்பெட்டியின் கிளட்சையும் கியரையும் இயந்திரமே இயக்கும் ஏற்பாடு. விலை குறைவு, மைலேஜ் நன்று; ஆனால் கியர் மாறும்போது ஒரு சின்னத் தயக்கம் தெரியும். ஜப்பான் ஸ்விஃப்டை ஓட்டியவர் "வெண்ணெய் மாதிரி போகிறது" என்று எழுதியிருந்தால் அது சிவிடியைப் பற்றிய பேச்சு. நம் ஊர் ஏஎம்டிக்கு அது பொருந்தாது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இன்ஜினுக்குத் துணையாகச் சிறிய மோட்டார் கொண்ட மைல்டு ஹைப்ரிட் உண்டு. இந்திய ஸ்விஃப்டில் கிடையாது.

டயரைப் பாருங்கள். ஐரோப்பிய வண்டிக்கு 185/55 ஆர்16. இந்தியாவில் உயர்ந்த வேரியன்டுக்கு 185/65 ஆர்15. இந்த எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. 185 என்பது மி.மீ.யில் டயரின் அகலம். அடுத்த எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 185இல் 55 சதவீதம் என்றால் சுமார் 102 மி.மீ.; 65 சதவீதம் என்றால் 120 மி.மீ. ரோட்டுக் குழிக்கும் ரிம்முக்கும் நடுவே நம் வண்டியில் 18 மி.மீ. ரப்பர் கூடுதலாக நிற்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு வேளச்சேரிப் பக்கம் ஓட்டியவர்களுக்கு அந்த 18 மி.மீட்டரின் அருமை தெரியும். 16 அங்குல ரிம்தான் அழகு என்று டெலிவரி எடுத்த மறுநாளே மாற்றப் போகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

தரை இடைவெளி ஜப்பான் பட்டியலில் 120 மி.மீ., இந்தியாவில் 163 மி.மீ. நம் வேகத்தடைகளுக்காக வண்டியை உயர்த்தித்தான் தருகிறார்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: இந்த 163, ஆள் ஏறாத வண்டியில் அளந்தது. ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினால் எண் இறங்கிவிடும். எந்த நாட்டு எண்ணைப் படித்தாலும், அளக்கும்போது வண்டி காலியாக இருந்ததா, பாரத்தோடு இருந்ததா என்று கேட்க வேண்டும்.

தானாக பிரேக் பிடிக்கும் வசதி ஐரோப்பாவில் எப்படிக் கட்டாயமானது? 2024 ஜூலை 7 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் தானியங்கி அவசர பிரேக், வேக வரம்பை நினைவூட்டும் கருவி, ஓட்டுநர் கண் அயர்ந்தால் எச்சரிக்கும் கருவி ஆகியவை இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம். கம்பெனியின் தாராளத்தால் வந்ததில்லை. இந்தியாவில் அந்தச் சட்டம் இல்லை, ஆகவே நம் ஸ்விஃப்டில் வசதியும் இல்லை. இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: இந்திய ஸ்விஃப்டில் அடிமட்ட வேரியன்டிலிருந்தே ஆறு ஏர்பேக் உண்டு.

நட்சத்திரத்தை எப்படிப் படிப்பது

கார் வாங்குகிறவர்கள் இப்போது "எத்தனை ஸ்டார்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் அது பாதிக் கேள்வி. எந்த நாட்டு வண்டியை, யார், எந்த ஆண்டு விதிப்படி மோதிப் பார்த்தார்கள் என்பது மீதிப் பாதி.

அதே 2024 ஸ்விஃப்டுக்கு ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப் மூன்று நட்சத்திரம் தந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கான ஆன்கேப் அமைப்பு வழக்கமாக யூரோ என்கேப் முடிவையே ஏற்றுக்கொள்ளும். இந்த முறை, ஐரோப்பாவுக்குப் போகும் வண்டியும் தங்கள் நாடுகளுக்கு வரும் வண்டியும் கட்டமைப்பில் வேறுபடுகின்றன என்று தெரிந்ததால் தனியாக மோதிப் பார்த்தது. 2024 டிசம்பரில் வந்த முடிவு ஒரே ஒரு நட்சத்திரம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றாக இருக்கும்.

இதைவிட நம் மண்ணுக்கு நெருக்கமானது ரெனோ க்விட் கதை. சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகி 2015 செப்டம்பரில் விற்பனைக்கு வந்த வண்டி. அடுத்த ஆண்டு மே மாதம் குளோபல் என்கேப் அதை மோதவிட்டது. பெரியவர்களின் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூஜ்யம். அதே பெயரில் 2017இல் பிரேசிலில் ஒரு க்விட் வந்தது. பார்வைக்கு அண்ணன் தம்பி. ஆனால் உடல் வலுவூட்டப்பட்டிருந்தது, அதனால் எடை கூடியது. எல்லா வேரியன்டிலும் நான்கு ஏர்பேக். லத்தீன் என்கேப் சோதனையில் மூன்று நட்சத்திரம். பிரேசிலில் 2014லேயே முன்பக்க ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாகிவிட்டன. இந்தியாவில் ஓட்டுநர் ஏர்பேக் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலையில். பக்கத்து சீட்டுக்கு 2021 முடிவில்.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. வலுவான கூடு எப்படிச் செய்வது என்பது கம்பெனிகளுக்குத் தெரியாத வித்தையில்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் ஐந்து இந்தியக் கார்களின் அடிமட்ட வேரியன்டுகளைச் சோதித்தபோது ஐந்துக்கும் பூஜ்யம்தான் வந்தது. அவற்றில் ஒன்றான ஃபோக்ஸ்வாகன் போலோவையே இரண்டு ஏர்பேக்கோடு திரும்ப மோதியபோது நான்கு நட்சத்திரம். அதன்பின் அந்தக் கம்பெனி ஏர்பேக் இல்லாத போலோவை இந்தியாவில் விற்பதையே நிறுத்தியது. கூடு ஒன்றுதான்; இரண்டு காற்றுப் பைதான் வித்தியாசம். ஒருவர் எந்த நாட்டில் பிறந்தார் என்பதைப் பொறுத்து அவர் நெஞ்செலும்பின் வலிமை மாறுவதில்லை. ஸ்டீயரிங் எல்லோரையும் ஒரே மாதிரிதான் இடிக்கும்.

2023 அக்டோபர் முதல் இந்தியாவுக்கே பாரத் என்கேப் சோதனை இருக்கிறது. வாங்கப்போகும் வண்டிக்கு அதன் முடிவு இருந்தால் அதையே பாருங்கள். யூரோ என்கேப் நட்சத்திரத்தைக் காட்டி விற்பனையாளர் பேசினால், "இந்த வேரியன்டுக்கு, இந்திய வண்டிக்கு என்ன முடிவு?" என்று கேளுங்கள். பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2018 மாடலும் 2022 மாடலும் பெயரில் ஒன்று. சட்டம் நடுவில் மாறியிருக்கிறது.

வரி வரைந்த உருவம்

ஒரு செடான் காரின் பின்பக்கம் கத்தியால் வெட்டியது போல் ஏன் சட்டென்று முடிகிறது என்று யோசித்ததுண்டா? பதில் 2006ஆம் ஆண்டின் மத்திய பட்ஜெட்டில் இருக்கிறது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருக்கும் கார்களுக்கு வரிச் சலுகை அதில்தான் தொடங்கியது. 2008இல் வந்த ஸ்விஃப்ட் டிசையரின் நீளம் 4160 மி.மீ. 2012இல் வந்த அடுத்த டிசையர் 3995 மி.மீ. சுருங்கியதெல்லாம் டிக்கி. ஹோண்டா ஜாஸ் ஜப்பானில் 1.3, 1.5 லிட்டர் இன்ஜின்களோடு ஓடியபோது இந்தியாவில் 1.2 லிட்டரோடு வந்ததும் இந்தக் கோட்டுக்காகத்தான். 1197, 1198, 1199 என்று முடியும் சி.சி. எண்களை இந்தியப் பட்டியல்களில் எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்குள் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. வெளிநாட்டில் அதே வண்டி கொஞ்சம் நீளமாகவும் பெரிய இன்ஜினோடும் இருந்தால், அந்த இன்ஜினின் இழுவையைப் பற்றி அங்கே எழுதியதை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

ஜப்பானில் இதற்கும் கீழே ஒரு கோடு உண்டு. கேய் கார் என்ற வகை: 660 சி.சி., 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம். அங்குள்ள வாகன் ஆர் அந்தப் பெட்டிக்குள் அடங்கியது, 3395 மி.மீ. நீளமும் 1475 மி.மீ. அகலமும். இந்திய வாகன் ஆர் 3655க்கு 1620, இன்ஜின் 1.0 அல்லது 1.2 லிட்டர். இவை ஒரே வண்டியின் இரு வடிவங்கள்கூட இல்லை. இரண்டும் வேறு வண்டி. பெயரை மட்டும் பகிர்ந்துகொள்கின்றன. இது பற்றி இலங்கை வாசகர்களுக்குக் கீழே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மறைமலை நகரிலிருந்து அமெரிக்காவுக்கு

சட்டம் ஒரு வண்டியை எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஃபோர்டு ஈகோஸ்போர்ட் நல்ல சான்று. 2018இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஈகோஸ்போர்ட் மறைமலை நகர் ஆலையில் செய்யப்பட்டுக் கப்பலேறியது. ஒரே ஆலையிலிருந்து உள்ளூருக்கு ஒரு வண்டி, அமெரிக்காவுக்கு ஒரு வண்டி. ஸ்டீயரிங் இடப்பக்கம் போனது கண்ணுக்குத் தெரியும் மாற்றம். நமக்குப் பெரும்பாலும் கிடைத்த பெட்ரோல் இன்ஜின் 1.5 லிட்டர், அங்கே 1.0 லிட்டர் டர்போவும் 2.0 லிட்டரும். 2.0 லிட்டரில் நான்கு சக்கரமும் இழுக்கும். டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும், வளைவில் சறுக்கினால் வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஈஎஸ்சியும் அமெரிக்கச் சட்டப்படி இல்லாமல் முடியாது. இந்தியாவில் அப்போது அவை கட்டாயமில்லை. நம் ஊர் ஆட்களின் கைதான் இரண்டு வண்டியையும் முடுக்கியது.

விளக்குகளும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பின் இண்டிகேட்டர் சிவப்பாக இருக்கலாம். இந்தியா, ஐரோப்பா, ஜப்பானில் அது ஆரஞ்சுதான். பனிமூட்டத்தில் பின்னால் வருபவருக்குத் தெரியும் செறிவான சிவப்பு விளக்கு ஐரோப்பாவில் கட்டாயம், அமெரிக்காவில் இல்லை. அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி தட்டையாக இருக்கும். ஐரோப்பிய வண்டியில் குவிந்திருக்கும், பரப்பு அதிகம் தெரியும். இண்டிகேட்டர் நெம்புகோல் ஜப்பானிய வண்டிகளில் ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம், ஐரோப்பியக் கம்பெனிகளின் வண்டிகளில் இடப்பக்கம். இந்தியாவிலேயே மாருதியிலிருந்து ஸ்கோடாவுக்கு மாறியவர்கள் முதல் வாரம் திரும்பும் இடத்தில் வைப்பரைப் போட்டுவிடுவது இதனால்தான். இவையெல்லாம் பழகிப்போகும்.

பழகாத ஒன்று ஹெட்லைட். சுவர் ஓரமாக வண்டியை நிறுத்தி லோ பீம் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல்கோடு நேராக இல்லாமல் ஒரு பக்கம் மேலே ஏறும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், அதனால் நம் வண்டியில் அது இடப்பக்கம் ஏறி ஓரத்து நடையாளரையும் பலகையையும் காட்டும். எதிரே வருபவரின் கண்ணில் படாது. இடப்பக்க ஸ்டீயரிங் நாட்டின் ஹெட்லைட்டில் அது வலப்பக்கம் ஏறும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ ஹெட்லைட் யூனிட் வரவழைத்து மாட்டினால், இரவில் எதிரே வரும் ஒவ்வொருவர் கண்ணையும் கூசச் செய்வீர்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

மைலேஜ்: அளவுகோல் வேறு

இந்திய ஸ்விஃப்ட் மேனுவலுக்கு லிட்டருக்கு 24.80 கி.மீ. ஜப்பான் மைல்டு ஹைப்ரிட் சிவிடிக்கு 24.5. "நம் வண்டிதான் மேல்" என்று முடிவுகட்ட முடியாது. இந்தியச் சோதனை முறையில் உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. உலகப் பொது முறையான டபிள்யூஎல்டிபியில் 131 கி.மீ. ஜப்பான் அந்தப் பொது முறையை எடுத்துக்கொண்டு, மிக வேகமான கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிடுகிறது. மூன்றும் மூன்று படி. ஒன்றில் அளந்த அரிசியை இன்னொன்றின் கணக்கில் எழுத முடியாது. ஒரே நாட்டில், ஒரே முறையில் அளந்த இரண்டு வண்டிகளை ஒப்பிட மட்டும் இந்த எண்கள் உதவும். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். கேலனுக்கு இத்தனை மைல் என்று படித்தால் எந்த கேலன் என்றும் பாருங்கள்.

பெட்ரோலும் ஒன்றில்லை. ஜப்பானில் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண் 89க்குக் குறையக்கூடாது என்பது தரம். ஐரோப்பாவில் பரவலானது 95. இந்தியாவில் நெடுநாள் சாதாரணம் 91ஆக இருந்தது. இந்திய பெட்ரோல் பங்க்குகளில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பெட்ரோல் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் ஸ்டிக்கர் இருக்கும். இ20 என்று இருந்தால் அந்த வண்டி அதற்கென்று செய்யப்பட்டது. பழைய வண்டி வாங்கும்போது முதலில் நான் திறந்து பார்ப்பது இந்த மூடியைத்தான்.

வளைகுடாவில் வாங்குகிறவர்களுக்கு

அமீரகத்தில் பழைய கார் விளம்பரம் படித்தவர்களுக்கு "ஜிசிசி ஸ்பெக்" என்ற சொல் பழக்கம். வளைகுடா நாடுகளுக்கென்று செய்த வண்டி என்று பொருள். 50 டிகிரியை எட்டும் வெயிலுக்கேற்ற ரேடியேட்டர், வலுவான ஏசி, தூசுக்கேற்ற வடிகட்டி இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே குறைந்த விலைக்கு "அமெரிக்கன் ஸ்பெக்" வண்டி நிற்கும். இரண்டுக்கும் ஸ்டீயரிங் இடப்பக்கம்தான், வெளித்தோற்றமும் ஒன்றுதான்.

என் மாமா மகன் ஷார்ஜாவில் அப்படி ஒன்றை வாங்கினான். கம்பெனியும் கடையும் எதற்கு, விஷயம் மட்டும் சொல்கிறேன். மீட்டரில் 60,000 ஓடியிருந்தது. பளபளவென்று இருந்தது. வாங்கி மூன்றாம் வாரம்தான் அவனுக்கு உறைத்தது, அது மைல். கிலோமீட்டரில் சுமார் 96,500. ஜூலை மாதம் நண்பகல் நெரிசலில் ஏசி வெறும் காற்றை ஊதியது. நான் அங்கே போயிருந்தபோது சாவியைத் திருப்பி டேஷ்போர்டைப் பார்த்தேன். சாவி போட்டதும் எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒருமுறை எரியும். ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். இன்ஜின் விளக்கு எரிந்தது, ஆயில் விளக்கு எரிந்தது, ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை. மெக்கானிக்கிடம் காட்டினோம். ஸ்டீயரிங் நடுவில் உறை இருந்தது, உள்ளே பை இல்லை. எங்கோ அடிபட்டு, பை விரிந்து, காப்பீட்டுக் கம்பெனி முழுச் சேதம் என்று எழுதிவிட்ட வண்டியை ஏலத்தில் எடுத்து, டிங்கரிங் பார்த்து, கடல் தாண்டிக் கொண்டுவந்து விற்றிருக்கிறார்கள். அந்தச் சீட்டில் உட்கார்ந்து அவன் தன் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போயிருக்கிறான்.

அமெரிக்காவிலிருந்து வந்த வண்டி எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. வண்டியில் பொறித்த 17 இலக்க அடையாள எண்ணைக் கொண்டு அதன் வரலாற்று அறிக்கையை வாங்கிப் பாருங்கள். விபத்து, வெள்ளம், முழுச் சேதம் பதிவாகியிருந்தால் தெரிந்துவிடும். வடமாநில வண்டியானால் கீழே குனிந்து துருவைப் பாருங்கள், பனிக்காலத்தில் அங்கே ரோட்டில் உப்பு போடுவார்கள். உள்ளூர் ஏஜென்சி வாரன்டி பெரும்பாலும் கிடைக்காது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஊர் திரும்பும்போது காரையும் கொண்டுவரலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: இந்தியாவுக்குள் இறக்குமதியாகும் கார் வலப்பக்க ஸ்டீயரிங்கோடு இருக்க வேண்டும், பயன்படுத்திய கார் மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. வளைகுடா வண்டி முதல் விதியிலேயே நின்றுவிடும். அங்கேயே விற்றுவிட்டு வாருங்கள்.

இலங்கையில் வாங்குகிறவர்களுக்கு

2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பிப்ரவரியில் திரும்பத் திறந்தது. ஜப்பான் வண்டியும் இந்திய வண்டியும் ஒரே தெருவில் ஓடும் நாடு என்பதால், இந்த அத்தியாயம் முழுவதும் அங்கே அன்றாடப் பிரச்சினை.

வாகன் ஆர் என்று மட்டும் சொல்லி உதிரிபாகம் வாங்க முடியாது. ஜப்பான் உள்நாட்டு வண்டிகளுக்கு 17 இலக்க எண் கிடையாது. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியும், கோடிட்டு ஒரு வரிசை எண்ணும் இருக்கும். எம்எச்34எஸ், எம்எச்44எஸ், எம்எச்55எஸ் என்று ஜப்பான் வாகன் ஆரிலேயே பல குறிகள். முதல் தலைமுறை டொயோட்டா அக்வா என்றால் என்எச்பி10. இதே வண்டி சில நாடுகளில் பிரியஸ் சி. இந்தக் குறியைக் கைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பேட் முதல் பம்பர் வரை கேட்க வேண்டியது இதைச் சொல்லித்தான்.

ஜப்பானில் ஏலத்தில் எடுத்த வண்டியென்றால் ஏலத் தாளைக் கேளுங்கள். அதில் வண்டியின் படம் வரைந்து ஒவ்வொரு இடத்திலும் குறி போட்டிருப்பார்கள். ஏ என்றால் கீறல், யு என்றால் ஒடுங்கல், டபிள்யூ என்றால் சரிசெய்த தடம், எக்ஸ்எக்ஸ் என்றால் மாற்றிய பாகம். மதிப்பெண் இடத்தில் ஆர் அல்லது ஆர்ஏ இருந்தால் விபத்தில் பழுதுபார்த்தது. தாளில் உள்ள ஓட்டக் கணக்கையும் மீட்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜப்பான் வானொலி அலைவரிசை 76இலிருந்து 95 மெகாஹெர்ட்ஸ் வரை, நம்முடையது 87.5இலிருந்து 108 வரை. பல நிலையங்கள் வராவிட்டால் ஸ்பீக்கர் பழுதில்லை, ரேடியோ அந்த நாட்டுக்கானது. மாற்றுக் கருவி பொருத்த வேண்டும். திரையிலும் குரலிலும் ஜப்பானிய மொழி வருவதைச் சகித்துக்கொள்ளலாம். எச்சரிக்கை வாசகம் புரியாமல் ஓட்டக்கூடாது. சாதாரண ஜப்பான் பெட்ரோலுக்கென்று செய்த வண்டிக்கு இலங்கையின் 92 ஆக்டேன் போதும். 95 போட்டால் கூடுதல் பலன் கிடைக்காது.

கையால் தொட்டுச் சரிபார்ப்பது

புது வண்டியோ பழையதோ, கடையில் நிற்கும் அந்த வண்டியிடமே கேளுங்கள். கண்ணாடியின் கீழ் ஓரத்திலும் கதவுத் தூணிலும் உள்ள 17 இலக்க எண்ணின் முதல் எழுத்து, செய்த நாட்டைக் காட்டும். ஜெ ஜப்பான், கே கொரியா, டபிள்யூ ஜெர்மனி, 1, 4, 5 அமெரிக்கா. எம்ஏ முதல் எம்இ வரையும் எம்இசட்டும் இந்தியா. எந்த நாட்டுக்காகச் செய்தது என்பதை இது சொல்லாது. மறைமலை நகரிலிருந்து அமெரிக்கா போன ஈகோஸ்போர்ட்டும் எம்ஏ என்றுதான் தொடங்கும்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் டயர் அளவும் காற்றழுத்தமும் எழுதிய ஸ்டிக்கர் இருக்கும். மாட்டியிருக்கும் டயரோடு ஒப்பிடுங்கள். முன்சீட்டின் வெளியோரத் தையலில் ஏர்பேக் என்ற துணிப்பட்டை இருந்தால் பக்கவாட்டுப் பை உண்டு. பின்சீட்டில் உட்கார்ந்து பெல்ட் பூட்டுகளை எண்ணுங்கள். நடுவில் இருப்பவருக்குத் தோளுக்கும் சேர்த்த பெல்ட்டா, இடுப்புக்கு மட்டுமா என்று இழுத்துப் பாருங்கள். குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கி, சீட் மெத்தைகளின் இடுக்கில் விரலுக்குத் தட்டுப்படும். பிறகு சாவியைப் போட்டு ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். இவ்வளவுக்கும் பத்து நிமிடம் போதும்.

புது வண்டியானால் புக்கிங் பணம் கட்டும் முன், உங்கள் நாட்டு இணையதளத்தில் உள்ள வேரியன்ட் பட்டியலை அச்செடுங்கள். உங்களுக்கு முக்கியமான ஐந்தாறு வசதிகளைப் பேனாவால் வட்டமிடுங்கள். அந்தத் தாளில் வேரியன்ட் பெயரை எழுதி ஷோரூமின் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். டெலிவரி நாளில் மாலையும் சாவியும் கைக்கு வருமுன் அந்தத் தாளை வைத்து வண்டியைச் சுற்றிவாருங்கள். வட்டமிட்ட ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள்.